மஞ்சள் கறைச் சீட்டு

விடிவதற்கு முன்பே உருளை சுழலத் தொடங்கிவிட்டது. கம்பி வலை போர்த்திய அந்த இரும்புப் பீப்பாய்க்குள் விரலி மஞ்சள் ஒன்றோடொன்று உரசிப் புரண்ட இரைச்சலில், மட்டாஞ்சேரிக் காயலோரத்துக் காகங்கள் கரைவதுகூடக் காதில் விழவில்லை. மாயம்மாள் உருளையின் வாயருகே நின்று, மஞ்சள்பொடி கரைத்த நீரைக் குவளை குவளையாக உள்ளே தெளித்துக்கொண்டிருந்தாள். தோல் உதிர்ந்த கிழங்குக்கு அந்த நீர்தான் நிறம் கொடுக்கும். கிழங்கின் நிறம் கப்பலேறிப் போய்விடும். தெளிக்கும் கையின் நிறம் போகாது. புளி தேய்த்துப் பார்த்தவர்கள் உண்டு. மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. மாயம்மாள் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த முயற்சியைக் கைவிட்டவள்.

கிடங்கில் நாற்பத்தொரு பேர். மஞ்சள் பகுதியில் ஒன்பது பெண்கள். முற்றத்துக்கு அப்பால், சுண்ணாம்பு ஏற்றிய சுக்கைத் தரம் பிரிப்பவர்கள் இருபது பெண்கள். அவர்களுடைய விரல்கள் எப்போதும் வெளுத்து வெடித்திருக்கும். மிளகு புடைப்போரும் மூட்டை தூக்குவோருமாகப் பன்னிரண்டு பேர். பெரும்பாலோர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். கிடங்குக்குப் பின்னால் ஓட்டுக்கூரையும் ஒரே குடிநீர்க் குழாயுமாக நீண்டு கிடந்த கம்பெனி லைனில்தான் எல்லாரும் குடியிருந்தார்கள்.

அந்தக் கிடங்குக்கும் லைனுக்கும் நாள் குறித்தாயிற்று. ஜூ டவுன் என்னும் யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு நடுவே, சுற்றுலாக்காரர்கள் நின்று படமெடுத்துப் போகும் அந்தக் கட்டடம் தங்கும் விடுதியாக மாறப்போகிறது. வேலை காக்கநாட்டுக்கு அப்பால் புதிய கிடங்குக்குப் போகும். சுக்குக்காரர்களுக்கும் மிளகுக்காரர்களுக்கும் அங்கே ஓர் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை, மஞ்சளுக்கு இயந்திரம் வருவதால் அந்த ஒன்பது பேருக்கு வேலையில்லை, லைனை எல்லாரும் மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். கம்பெனி எழுதிய இந்த ஒப்பந்தத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைத் தொழிலாளர்களே ரகசிய வாக்கெடுப்பில் சொல்லட்டும் என்று சங்கம் வாதாடிப் பெற்றிருந்தது. வருகிற திங்கட்கிழமை வாக்கெடுப்பு. ஏற்பவர்களுக்குக் குடைச் சின்னம். மறுப்பவர்களுக்கு விளக்குச் சின்னம்.

லைனின் ஆறாம் எண் அறையில் மாயம்மாளின் கணவர் முத்துவேல் மூன்று ஆண்டுகளாகப் படுத்திருக்கிறார். மிளகு மூட்டை அடுக்குச் சரிந்து, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர். அவரைத் தூக்கிக்கொண்டு எந்த ஊரில், எந்த மாடிப்படியில் ஏறுவது? மாயம்மாளின் மனம் விளக்கின் பக்கம்தான் இருந்தது. ஆனால் அப்படிப் போட்டது வெளியே தெரிந்தால், மூன்று மாதம்கூட மிஞ்சாது.

தெரியுமா என்பதுதான் கேள்வி.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் நலக்குழுவுக்கு இதே கிடங்கில் ஒரு தேர்தல் நடந்தது. அதுவும் ரகசிய வாக்கெடுப்புத்தான், பூட்டிய பெட்டிதான். அப்போது மஞ்சள் பகுதியில் மூன்றே பெண்கள். சங்கரியும் பேச்சியம்மாளும் கம்பெனியின் ஆளுக்கு எதிராக வாக்களித்தார்கள். ஒரு வாரத்தில் இருவரும் வேலையிழந்தார்கள், அறையும் இழந்தார்கள். மூன்றாமவள் மாயம்மாள். முத்துவேலோடு மருத்துவமனையில் இருந்ததால் அன்று அவள் வாக்களிக்கவில்லை, அதனால் தப்பினாள். பூட்டிய பெட்டிக்குள் போன சீட்டு எப்படிப் பேசியது என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

காலைச் சாயாவுக்கு உருளை நின்றபோது அந்தப் பேச்சே மீண்டும் எழுந்தது.

"மேல கேமரா வச்சிருக்கான். உத்தரத்துல பாத்தியா?" என்றான் மூட்டை தூக்கும் மாரிச்செல்வம்.

"அது பல்லிடே. நாலு நாளா அங்கதான் இருக்கு" என்றார் செல்லப்பா. அவரும் மூட்டை தூக்குபவர்தான். ஐம்பத்தெட்டு வயதிலும் கழுத்து எருதின் கழுத்துப் போல இருக்கும்.

"சிரிக்காதீரும் மாமா. சீட்டுல கண்ணுக்குத் தெரியாத நம்பர் இருக்குங்காவ."

மேற்பார்வையாளர் ரமேஷ்பாபு சாயா தம்ளரோடு அந்தப் பக்கமாக வந்தார். பேச்சு அறுந்தது.

"எந்தா, என்னைக் கண்டதும் எல்லாரும் மௌன விரதமா?" அவர் சிரித்தார். "வோட்டு ரகசியம்தான். யாருக்கு வேணும்னாலும் போடுங்க." இரண்டு அடி நடந்தவர், திரும்பி மாயம்மாளின் கைகளைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தார். "சங்கரி இப்ப எங்க இருக்கா மாயம்மா? விவரம் உண்டா?"

பதிலை எதிர்பார்த்து அவர் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி அவளை மாடிக்கு அழைத்தார். சிவராமகிருஷ்ணன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. மேசைமேல் விடுதியின் மாதிரி வரைபடம் விரித்திருந்தது. லைன் இருந்த இடத்தில் நீல நிறத்தில் ஒரு நீச்சல் குளம்.

"முத்துவேல் எப்படி இருக்கான்?"

"படுத்தே கெடக்காவ மொதலாளி."

"பாவம். நல்ல ஜோலிக்காரன். இந்த மூணு வருஷம் அந்த அறையை நான் கேட்டேனா?"

"கேக்கல. அவுக இடுப்பு ஒடிஞ்சது உங்க மூட்டை விழுந்துதான மொதலாளி."

அவர் பேனாவை மூடி வைத்தார். "மஞ்சள் பகுதிக்கு நீதான் மூத்தவ. மத்த எட்டுப் பேரும் நீ சொன்னாக் கேப்பாங்க."

"வோட்டு அவங்கவங்க இஷ்டம்னு ஆபீசர் சொல்லிட்டுப் போனாவளே."

"சத்தியமான வார்த்தை. யாருக்குப் போட்டேன்னு நான் உன்னைக் கேக்கவே மாட்டேன்." அவர் புன்னகை செய்தார். "கேக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, மனசிலாயோ?"

மாயம்மாள் படியிறங்கினாள். மிரட்டுகிறவனுக்கு அஞ்ச வேண்டாம். நிச்சயமாக இருக்கிறவனுக்கு அஞ்சித்தான் ஆக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

தொழிலாளர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி அஞ்சு, முப்பது வயதுப் பெண். அச்சடித்த எழுத்தெல்லாம் மலையாளம் என்பதால், பலருக்குப் படிக்க வராது என்று அறிந்து, பழகிப் பார்ப்பதற்காக ஆளுக்கொரு மாதிரிச் சீட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். "சேச்சிமாரே, பேடிக்க வேண்டா, பயம் வேண்டா. சீட்டில பேரில்ல, நம்பரில்ல. படத்துக்கு நேரே ஒரு குறி போட்டா மதி, போதும்" என்று தமக்குத் தெரிந்த தமிழில் சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

ஞாயிறு பிற்பகல் லைன் முற்றத்தில் எல்லாரும் கூடினார்கள். மாயம்மாளின் மகள் இசக்கிசெல்வி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மலையாளம் தண்ணீர் போல ஓடும். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். எல்லாரும் சரியாகக் குறி போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதற்காக, நாற்பத்தொரு மாதிரிச் சீட்டுகளையும் வாங்கிப் பாயில் பரப்பினாள். குனிந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா, இதுல எது உன் சீட்டு?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு."

"இல்லம்மா. ஒண்ணு போல இல்ல."

ஒவ்வொன்றாக எடுத்து அவள் பாயின் ஓரத்தில் தனியே வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. மடித்த இடத்தில், பிடித்த மூலையில், வியர்வையோடு ஊறிய மஞ்சள் கறை. மிளகுக்காரர்களின் சீட்டில் எல்லா அழுக்கையும் போன்ற ஓர் அழுக்கு. சுக்குக்காரர்களின் சுண்ணாம்பு வெள்ளைத் தாளில் தெரியவே இல்லை. ஓரத்தில் சேர்ந்த சீட்டுகள் ஒன்பது. மஞ்சள் பகுதிக்காரர்கள் ஒன்பது பேர்.

எண்ணும்போது கம்பெனியின் சார்பில் அருகே உட்காருபவர் ரமேஷ்பாபு. அவருக்குக் கேமரா தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத நம்பர் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரண்டு மஞ்சள் சீட்டுகள் அவர் கண்முன்னே விரிந்தன, அவ்வளவுதான். ஊரெல்லாம் பெட்டியைச் சந்தேகித்தது. தம்முடைய கையை யாரும் சந்தேகிக்கவில்லை.

"சங்கரி அக்கா தன்னத்தானே காட்டிக் கொடுத்திருக்கா" என்றாள் ஒருத்தி மெல்ல.

"வாய மூடுளா. அவ காட்டிக் கொடுக்கல. அவ பாத்த ஜோலி காட்டிக் கொடுத்துச்சு" என்றாள் மாயம்மாள்.

செல்லப்பா பீடியை அணைத்தார். விலங்குக் கதை சொல்லாமல் அவருக்கு எந்தப் பேச்சும் தொடங்காது. "ஒரு காட்டுல சிங்கத்துக்கு ராஜாவா இருக்கோமா இல்லையான்னு சந்தேகம் வந்துச்சாம். ஒரு குகைய இருட்டாக்கி, உள்ள ஒரு பானைய வச்சு, 'வேணும்னா உருண்டைக் கல்லு, வேண்டாம்னா சப்பட்டைக் கல்லு. ஒத்தையா போய்ப் போடுங்க, நான் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்'னுச்சாம். மான், முயல், காட்டுப்பன்னி எல்லாம் சந்தோசமாப் போய்ப் போட்டுச்சு. சிங்கம் சொன்ன சொல்லு தவறல. பாக்கல. பானைய வெளிய கொண்டாரச் சொல்லி, ஒவ்வொரு கல்லா எடுத்து மோந்து பாத்துச்சு."

"பொறவு?"

"பொறவு என்ன, சிங்கத்துக்கு ஒரு மாசம் சாப்பாட்டுக்குக் கவலையில்ல."

யாரும் சிரிக்கவில்லை.

"மஞ்சக்காரங்க ஒம்பது பேரும் போடாம இருந்துட்டா?" என்றான் மாரிச்செல்வம்.

"ஒம்பது விளக்கு அணைஞ்சிரும். அதத்தான அவன் கேக்கான்?" என்றார் செல்லப்பா.

சுக்குப் பகுதியின் அழகம்மாள் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றாள். குழாயடியில் குடம் வைத்த வரிசைக்காக அவளும் மாயம்மாளும் பேசிக்கொள்ளாமல் ஆறு மாதம் ஆகிறது. பேசாவிட்டாலும் இருவரும் மதினி முறைதான். புதிய கிடங்கில் சுக்குப் பகுதிக்கு அழகம்மாளையே மேஸ்திரியாக வைப்பதாக ரமேஷ்பாபு வாக்களித்திருப்பதும் எல்லாருக்கும் தெரியும்.

"ஒம்பது பேரு கை மஞ்சளா இருந்தாத்தான அடையாளம்?" என்றாள் அவள். "நாப்பத்தொரு கையும் மஞ்சளா இருந்தா?"

எல்லாரும் திரும்பினார்கள்.

"நீ சொல்லுதியா மதினி?" மாயம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. "ஒன் சீட்டுல ஒரு பொட்டுக் கறை கிடையாது. நீ யாருக்குப் போட்டாலும் ஒருத்தனும் கண்டுபிடிக்க முடியாது. ஒனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"நான் குடைக்கே போடுவேன்னு வச்சுக்க. போடக் கூடாதா?"

"போடலாம். அது ஒன் இஷ்டம்."

"அப்பவும் கையை முக்கிட்டுத்தான் போவேன். ஒன் சீட்டு எதுன்னு தெரிஞ்சாத்தான ஒன்னைய வெரட்ட முடியும்? இன்னைக்கு ஒன்னையப் பாக்கான். நாளைக்கு அங்க போய் என்னையப் பாப்பான். நான் யாருக்குப் போட்டேங்கது எனக்கும் அந்தப் பெட்டிக்கும் உள்ள பேச்சு. நடுவுல அவன் மூக்கு எதுக்கு?" அவள் முந்தானையை உதறிச் செருகினாள். "அதுக்காவ குழாயடிச் சண்டை தீந்துட்டுன்னு நெனச்சுக்காத. அது தனி."

அப்போதுதான் முற்றம் சிரித்தது.

தொட்டியில் கரைத்து வைத்த மஞ்சள் நீர் இருக்கிறதே என்றாள் ஒருத்தி. மாயம்மாள் மறுத்துத் தலையசைத்தாள். "கம்பெனி மஞ்சள் ஒரு சிட்டிகை தொடக் கூடாது. களவுப் பட்டம் கட்டிருவான். கடையில வாங்குவோம்." வாழ்நாளெல்லாம் டன் கணக்கில் மஞ்சளுக்கு நிறமேற்றியவர்கள், அன்று மாலை சந்தைக்குப் போய்ப் பொட்டலம் பொட்டலமாக மஞ்சள்தூள் வாங்கி வந்தார்கள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்பதால், சுக்குக்காரர்கள் அன்றிரவே புளி தேய்த்துக் கையைக் கழுவிக்கொண்டார்கள்.

எல்லாரும் சம்மதித்துவிடவில்லை. சுக்குப் பகுதியில் நான்கு பெண்கள் பேசாமல் எழுந்து அறைக்குள் போனார்கள். மிளகுப் பகுதி குழந்தைசாமி, "எனக்கு மூணு பிள்ளைகள் இருக்குய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். ஐந்து பேர் பின்வாங்கினாலும் சுக்குப் பக்கத்துச் சீட்டு எது, மஞ்சள் பக்கத்துச் சீட்டு எது என்பது கலங்கிப் போகும். ஆனால் மஞ்சள் படாத அந்த ஐந்து சீட்டுகள் தனியே நிற்கும். இனி அஞ்ச வேண்டியவர்கள் அவர்கள் என்பதை மாயம்மாள் உணர்ந்தாள். அந்த எண்ணம் அவளுக்கு ஆறுதல் தரவில்லை.

திங்கள் காலை குடிநீர்க் குழாயில் பூட்டுத் தொங்கியது. கிடங்குக் குழாயிலும் பூட்டு. பழுது பார்க்கிறார்களாம். அதிகாலை ஆறு மணிக்கே மஞ்சள் பகுதியை மட்டும் வேலைக்கு இறக்கி, உருளையை ஓடவிட்டார் ரமேஷ்பாபு. வாக்கெடுப்பு பத்து மணிக்கு. கழுவாத கையோடு வரவேண்டும் என்பது கணக்கு. கழுவ எண்ணியவர்கள் யாரும் இல்லை என்பது அவருக்குத் தெரியாது.

மிளகுக் கூடத்தில் மேசை, திரைத்துணி கட்டிய மூலை, அரக்கு வைத்த தகரப் பெட்டி. அஞ்சு பெயர்ப் பட்டியலோடு அமர்ந்திருந்தார். பக்கத்தில் ரமேஷ்பாபு, மடியில் ஒரு சிறு குறிப்பேடு. முதலில் மஞ்சள் பகுதியை அழைத்தார்கள். மாயம்மாள் சீட்டை வாங்கினாள், திரைக்குள் போனாள். பேனா அவள் விரலில் வழுக்கியது. குடைக்கும் விளக்குக்கும் நடுவே இருந்த வெள்ளை இடத்தைச் சற்று நேரம் பார்த்தாள். அந்த இடத்தில் முத்துவேலின் பாய் விரிந்து கிடப்பதாகத் தோன்றியது. குறி போட்டாள், மடித்தாள், பெட்டியில் இட்டாள். ரமேஷ்பாபுவின் பேனா குறிப்பேட்டில் அசைந்தது.

ஒன்பது பேரும் முடிந்தார்கள். அடுத்துச் சுக்குப் பகுதி. முதலில் அழகம்மாள்.

சீட்டுக்காக அவள் நீட்டிய கை, மணிக்கட்டு வரை மஞ்சளாக இருந்தது.

அஞ்சு சீட்டைக் கொடுக்க மறந்து பார்த்தார். அழகம்மாளுக்குப் பின்னால் நின்றவளின் கையும் மஞ்சள். அதற்குப் பின்னாலும். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. செல்லப்பா முழங்கை வரை பூசியிருந்தார். நேற்று எழுந்து போன நான்கு பெண்களின் கைகளும், குடத்தில் மிஞ்சிய நீரில் குழைத்த, ஈரம் காயாத மஞ்சளோடு இருந்தன. கடைசியில் குழந்தைசாமி, இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இதென்ன நாடகம்?" ரமேஷ்பாபு எழுந்தார்.

"சாமிக்கு நேந்துக்கிட்டோம் சார்" என்றார் செல்லப்பா.

"எந்தச் சாமி?"

"பேரு ரகசியம் சார்."

"மேடம், இது செல்லாது! அடையாளம் வெச்ச சீட்டு எதுவும் செல்லாதுன்னு உங்க விதியிலயே இருக்கு. கறை படிஞ்ச சீட்டெல்லாம் தள்ளணும்."

அஞ்சு விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து மலையாளத்தில் கேட்டார். அதை இசக்கிசெல்வி வாசலில் நின்றபடி எல்லாருக்கும் தமிழில் சொன்னாள்: "ஒருத்தரைத் தனியாப் பிரிச்சுக் காட்டுற குறிதான் அடையாளம். எல்லாச் சீட்டுலயும் ஒரே கறை இருந்தா, அது யாரைக் காட்டும்னு கேக்காங்க. அந்த நோட்டுல என்ன எழுதுறீங்கன்னும் கேக்காங்க."

ரமேஷ்பாபு குறிப்பேட்டை மூடினார். வாக்கெடுப்பு தொடர்ந்தது. நாற்பத்தோராவது சீட்டாகக் குழந்தைசாமியின் சீட்டு விழுந்தபோது, மணி பன்னிரண்டு.

ஆனால் எண்ணவில்லை. மாடியிலிருந்து முதலாளி இறங்கி வந்தார். எல்லாச் சீட்டுகளையும் தள்ளுபடி செய்யக் கோரும் எதிர்ப்பு மனு அவர் கையில் தட்டச்சாகித் தயாராக இருந்தது. மனு வந்துவிட்டால் இங்கே எண்ணத் தமக்கு அதிகாரமில்லை என்றார் அஞ்சு. பெட்டிக்கு மீண்டும் அரக்கு வைத்துக் காக்கநாட்டு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேலதிகாரி முடிவு செய்வார்.

சிவராமகிருஷ்ணன் தொழிலாளர்களைப் பார்த்தார். வழக்கம் போலக் குரல் தாழ்ந்தே இருந்தது. "உங்க வோட்டை நீங்களே கெடுத்துக்கிட்டீங்க. வருத்தமா இருக்கு. இனி ஒவ்வொருத்தரா என்கிட்ட வந்து பேசுங்க."

"ஒவ்வொருத்தரா வர மாட்டோம் மொதலாளி" என்றாள் மாயம்மாள். தன் குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது. "பேசணும்னா நாப்பத்தொரு பேரும் வருவோம்."

"ஆறாம் நம்பர் அறையை மறந்துட்டியா?"

"மறக்கல. அந்தப் பயம் வோட்டுக்கு முன்னாடியும் இருந்துச்சு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பழக்கத்தால், அவள் கையைப் பார்த்தார். அருகே நின்ற அழகம்மாளின் கை, செல்லப்பாவின் கை. கண் எங்கும் தங்காமல் திரும்பிவிட்டது.

அஞ்சு பெட்டியை ஜீப்பில் ஏற்றினார். சங்கச் செயலாளர் ஒருவருக்கும் ரமேஷ்பாபுவுக்கும் மட்டும் அதில் இடம். பெட்டி தனியாகப் போகக் கூடாது என்று யார் முதலில் சொன்னார்கள் என்பது நினைவில்லை. முத்துவேலைப் பார்த்துக்கொள்ள இசக்கிசெல்வி நின்றாள். மற்றவர்கள் அரைநாள் கூலியைத் துறந்து பேருந்தில் ஏறினார்கள்.

மேற்கம்பியைப் பிடித்த கைகள் வரிசையாக மஞ்சள். கண்டக்டர் வியந்து நின்றார். "எவிடயா கல்யாணம்?"

"காக்கநாட்டுல" என்றார் செல்லப்பா. "பொண்ணு முன்னால ஜீப்புல போறா. கொஞ்சம் விரசலாப் போகச் சொல்லும் சேட்டா."

பாலத்தின் மேல் ஏறும்போது முதலாளியின் கறுப்புக் கார் பேருந்தைக் கடந்து, ஜீப்பையும் கடந்து விரைந்தது. தங்களுக்கு முன்பே அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார். யாரோடு பேசிக்கொண்டிருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. பேருந்துக்குள் சிரிப்பு அடங்கியது.

சன்னலோர இருக்கையில் மாயம்மாளும் அழகம்மாளும் தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள் நாற்பத்தொரு சீட்டுகள். விளக்கு ஜெயிக்க இருபத்தொன்று போதும். இவள் எதற்குப் போட்டிருப்பாள்? மேஸ்திரி வேலை சின்ன ஆசையா? கேள்வி மாயம்மாளின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒரே ஒரு வார்த்தைதான். கேட்டால் இவள் சொல்லியும் விடுவாள்.

"என்ன மதினி, என் மூஞ்சியவே பாக்குத?" என்றாள் அழகம்மாள்.

"ஒண்ணுமில்ல. ஒன் பக்கம் வெயில் அடிக்கி. இங்கிட்டு நகந்து உக்காரு."

அழகம்மாள் நகர்ந்து உட்கார்ந்தாள்.